நோட்டீஸில் போட்ட பேய்

ஜூலை 22, செவ்வாய்

புழுக்கம். ஆடி பிறந்தும் காற்றைக் காணோம். கூழ் ஊற்றுகிற தெருவின் மைக்செட் விடியுமுன்பே அலற ஆரம்பித்துவிட்டது.

டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸில் என் முகம். பச்சை மசியில், செத்தவன்போல. சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் சபையின் சுகமளிக்கும் கூட்டமாம். அதன்கீழ் பெரிய எழுத்தில்: "பேய் பிடித்த மனைவி! பட்டு நெசவாளரின் கண்ணீர் சாட்சி!"

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காதவன். அறுபது வயதுக்குமேல் சபையில் சிலேட்டு வைத்துக் கற்ற எழுத்து. கற்காமலே இருந்திருக்கலாம்.

ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான். முப்பது வருஷம் எனக்குப் பக்கத்துத் தறி.

"இன்னா நைனா, பேய் ஓட்ற வேலையும் கத்துக்கினியா? சொல்லவே இல்ல."

என் பெண்டாட்டி லோகா போய்ப் பதினொரு வருஷம். மஞ்சள்காமாலை, ஈரல் கெட்டுப்போனது. பேய் இல்லை. சுவரை நகத்தால் சுரண்டினேன். மைதாப் பசை. என் முகம் பாதி உரிந்து வந்தது. பேய் வரவில்லை.

டீ குடிக்காமலே திரும்பினேன். நகத்துக்குள் பசை. கழுவியும் போகவில்லை.

சாயந்திரம் ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். வாயில் ஒரு சொல் வரவில்லை. பதினொரு வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

ஜூலை 23, புதன்

அதே வெக்கை. முட்டி வலி. வாங்க வேண்டியது: தைலம், தீப்பெட்டி, ரஸ்க்.

பாஸ்டரைப் பார்க்கப் போனேன். (இனி பா. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) வயது முப்பத்தைந்துகூட இராது. வெள்ளைச் சட்டை, இரண்டு போன், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேச்சு. நோட்டீஸைக் காட்டினேன். அவருக்கு அது குற்றமாகவே தெரியவில்லை.

"நீங்க சொன்னதத்தான ஐயா போட்டோம்? கைய கால உதைச்சாங்க, செத்துப்போன அம்மாகிட்ட பேசினாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அதுக்கு வேதத்துல ஒரு பேரு இருக்குது."

"ஆஸ்பத்திரிலயும் ஒரு பேரு இருக்குது பாஸ்டர்."

சிரித்தார். என் தோளில் கை வைத்தார். கையில் சென்ட் வாசனை. ஏனாத்தூர்வரைக்கும் ஒட்டியாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். ஒரு வார்த்தை முன்னே பின்னே இருந்தால் என்ன, நாலு ஆத்துமா ரட்சிக்கப்பட்டால் போதாதா என்றார். மேடையில் அழுகை வந்தால் அடக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

சரி பாஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜெபம் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஐயம்பேட்டையிலிருந்து மல்லிகா வந்தாள். என் ஒரே மகள். ஷேர் ஆட்டோவில் வந்த வியர்வையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல். கையில் தூக்கு, அதில் கருவாட்டுக் குழம்பு. கீழே வைத்தாள். அவள் மாமியார் வீட்டுத் தெருவிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரி, உங்க அம்மாவுக்கு எந்தப் பேய் என்று கேட்டாளாம்.

கத்துவாள் என்று இருந்தேன். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நீயும் அப்படித்தான் சொல்றியாப்பா?"

நான் ராட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையேறி அதையே சொன்னால் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்றாள். போய்விட்டாள்.

குழம்பு அப்படியே இருக்கிறது.

இதை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

கடைசி வாரம் லோகாவுக்குப் புத்தி கலங்கியது. ஆட்களைத் தெரியவில்லை. கெட்ட வார்த்தை பேசினாள், என்றும் பேசாதவள். ஈரல் கெட்டால் அப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேய்தான் என்று முதலில் சொன்னது என் வாய். பூசாரியைக் கூப்பிட்டதும் நான். அந்த ஆள்மேல் தப்பில்லை, கூப்பிட்டால் வருவது அவர் பிழைப்பு. வேப்பங்கொத்தால் அடித்தார். அவள் திமிறினாள். இரண்டு மணிக்கட்டையும் நான் பிடித்துக்கொண்டேன். வளையல் இரண்டு உடைந்தது, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. அப்போது மட்டும் அவளுக்குப் புத்தி தெளிந்தாற்போல் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்த பார்வை.

நாலாம் நாள் செத்துப்போனாள்.

மல்லிகா அப்போது பிள்ளை பெற்று அவள் மாமியார் வீட்டில், இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். சாவுக்கு முந்தின நாள்தான் வந்தாள். நான் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

தூறல் வருவதுபோல் வந்து ஏமாற்றியது. குழம்பு கெட்டுப்போனது. கொட்டினேன். பாத்திரத்தைத் தேய்த்தும் வாடை.

சபையை விட்டு நின்றுவிடலாமா? யோசித்தேன். முடியாது. லோகா போன அடுத்த மாதம் மழைக்கு அங்கே ஒதுங்கினேன். ஆராதனை முடிந்து பாய் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா, மறுமுனையைப் பிடிங்கண்ணே என்றார். பிடித்தேன். எந்த ஊர், என்ன ஜாதி, ஒரு கேள்வி இல்லை. அடுத்த ஞாயிறும் போனேன், பாய் மடிக்க. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் ஜெபத்தில் வேப்பங்கொத்தைச் சொன்னேன். மனசுக்குள்தான். அன்று தூங்கினேன். ஆண்டவர் மன்னித்தார் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

ஆனால் ஆண்டவரிடம் மட்டும் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவர் டீக்கடைக்கு வரமாட்டார். ஐயம்பேட்டையிலிருந்து ஆட்டோ ஏறி வரமாட்டார்.

நோட்டீஸைத் திட்டிக்கொண்டு இருக்கிறேன். அந்தப் பொய்யை முதலில் சொன்ன வாய் இதுதான். தூ.

ஜூலை 26, சனி

ஏனாத்தூர் ரோட்டில் பந்தல். சாயந்திரம் ஐந்து மணிக்கே நாற்காலி நிறைந்துவிட்டது. எங்கள் மைக்செட் ஒரு பக்கம், அம்மன் கோயில் மைக்செட் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாய், எதைப் பார்த்துக் குரைப்பதென்று தெரியாமல்.

மல்லிகா வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. பந்தலின் கடைசி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். வாயைத் திறக்குமுன்பே கீபோர்டுக்காரன் அழுகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்துவிட்டான். மைக்கில் யாருடைய எச்சிலோ. துண்டால் துடைத்தேன்.

"எம் பொஞ்சாதிக்குப் பேய் புடிக்கல," என்றேன்.

அல்லேலூயா என்றார்கள்.

"மஞ்சக்காமாலை."

ஆமென் என்றார்கள். கை தட்டினார்கள். என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. வெறுத்துப்போனது. இறங்கிவிடலாம், இதைச் சொன்னதே போதும், மிச்சத்தையும் சொன்ன கணக்குதான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கடைசி மூங்கிலைப் பார்த்தேன்.

"பேய்னு சொன்னது நான். பூசாரிய இட்டாந்தது நான். அடிக்கிறப்ப கைய புடிச்சிக்கினது நான். அது எம் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்துது. நாலாம் நாள் செத்துப்பூட்டுது. அந்தப் பாவத்த இயேசு மன்னிச்சாரு. எங்கிட்ட வேற சாட்சி இல்ல."

இப்போது அல்லேலூயா இல்லை. கீபோர்டு நின்றது. அம்மன் பாட்டு மட்டும் கேட்டது.

பா. மைக்கைப் பிடுங்கினார் என்று சொல்ல முடியாது, வாங்கினார். ஐயாவுக்கு உணர்ச்சி மேலிட்டுவிட்டது என்றார். பாட்டு ஆரம்பித்தார்கள். பக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். யாரும் கை கொடுக்கவில்லை.

மூங்கிலில் மல்லிகா இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

மேகம். போகாமல் இருக்க நூறு காரணம் இருந்தது. போனேன்.

சபையின் பேரைக் கெடுக்கிறவர்களைப் பற்றிப் பிரசங்கம். பா. கூரையைப் பார்த்தே பேசினார். என் பக்கத்துப் பாயில் ஒருத்தர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இன்னொருத்தர் வெளியே வந்து, அடிச்சது எந்தப் பூசாரிண்ணே என்று காதோடு கேட்டார், கதை கேட்கிற ஆசையில். இவர்களோடு சேர்ந்துதான் பரலோகம் போக வேண்டுமாம்.

மத்தியானம் மல்லிகா. இந்தத் தடவை செருப்பைக் கழற்றினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் முகம் கொடுக்க முடியாமல் நூலை எடுத்துச் சிக்கு பிரித்துக்கொண்டிருந்தேன், சிக்கே இல்லாத நூல்.

"எனக்குத் தெரியும்பா," என்றாள். "கடைசி நாளு அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தி தெளிஞ்சிது. கையக் காட்டிச்சு. கன்னிப்போயி இருந்துது. யாரு புடிச்சதுன்னும் சொல்லிச்சு."

நூலைக் கீழே வைத்தேன்.

"சாமி மாத்திக்கின கத, பாவம் போன கத, எல்லாம் சொன்ன. இத மட்டும் சொல்லல. எப்போ சொல்லுவியோன்னு பதினோரு வருஷமா பாத்துக்கினு இருந்தேன்."

மன்னித்துவிடு என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். அதையும் சொல்லவில்லை. அது அவளுடையது போலிருக்கிறது. அரிசி எங்கே என்று கேட்டாள். சோறு வடித்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஜூலை 28, திங்கள்

விடிகாலை மழை. வாசலில் சாக்கடைத் தண்ணீர்.

ஜெபம் வந்தது. முழங்கால்கூடப் போடவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். முதலில் லோகா பேர் வரும் என்று நினைத்தேன். பா. பேர் வந்தது. இந்த மனுஷனுக்காகவா என்று நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. மல்லிகாவைவிட வயதில் சின்னவர். அவரும் என்னைப்போலத்தான், லோகாவின் சீக்கைப் பேய் என்று நம்பி, நல்லது செய்வதாக நினைத்து நோட்டீஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டவர். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும்.

முழுசாகச் செய்தேன், அவருக்கு, அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு, கீபோர்டுக்காரனுக்கும் சேர்த்து. ஆமென் சொன்ன பிறகும் எரிச்சல் போகவில்லை. நெஞ்சு மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.