அம்மாவுக்காக என்ன கேட்பது

அக். 21, திங்கள். இரவு 12.40

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியும், ஆண்டவரே. பிள்ளை ஜெனி இப்போதுதான் தூங்கினாள். இருமல் குறையவில்லை. வாய்விட்டு ஜெபம் பண்ணினால் அது உம்மோடு சண்டையாகி வீடே எழுந்துவிடும். அதனால் நோட்டில்.

புழுக்கம். அண்ணன் புழுதியில் நெல் விதைத்துப் பதினேழு நாள். ஒரு சொட்டு மழை இல்லை.

அம்மா இன்று சாப்பிட்டது: கஞ்சித் தண்ணீர் இரண்டு ஸ்பூன். அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், "இனி வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பி இருபது நாள் ஆகிறது. கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று. இப்போது எங்கே இல்லை என்றுதான் கேட்க வேண்டும். அண்ணன் வீட்டு நடு அறையில் கட்டில். நானும் ஜெனியும் கீழே பாயில்.

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

வீடு தேடி வரும் நர்ஸம்மா வலி மாத்திரை அட்டையைக் கேட்டார். அரிசி டின்னுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். தவிடு ஒட்டியிருந்தது.

"நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு குடுக்கச் சொன்னேன்ல? இதென்ன அப்படியே இருக்கு?"

மதினிதான் சொன்னாள்: "ரெண்டு நாளா அவ குடுக்கலக்கா. ஒளிச்சு வச்சுட்டா."

"படிச்ச பிள்ளதான நீ?"

எம்.எஸ்சி. கணிதம். ஆமாம், படித்த பிள்ளை.

சனிக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து ஜெபக்குழு பிரதர் வந்திருந்தார். அம்மா தலையில் கை வைத்து ஜெபித்தார். போகும்போது வாசலில் என்னிடம், "ஒரு கையில மாத்திரை, இன்னொரு கையில விசுவாசம். ரெண்டையும் பிடிச்சிட்டு நின்னா கர்த்தர் எந்தக் கையப் பிடிப்பாரு சிஸ்டர்?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலையே ஒளித்துவிட்டேன்.

இரண்டு ராத்திரி. அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "ஏத்தா, அந்த மாத்திரய..." என்பாள். நான், "சுகமாயிருச்சுன்னு சொல்லும்மா. வாயால சொல்லு" என்பேன். சொன்னாள். வேர்வையில் நனைந்துகொண்டு, எனக்காகச் சொன்னாள்.

அப்போது நீர் எங்கே இருந்தீர்? என் கையைத் தட்டிவிட உம்மால் முடியாதா?


அக். 22, செவ்வாய்

வெயில். மாத்திரை 6, 10, 2, 6, 10, மறுபடி 2. போனில் அலாரம்.

மத்தியானம் அம்மா ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, ஜெனி மாதிரி.

பிரதருக்கு போன் போட்டேன்.

"மாத்திரை குடுக்க ஆரம்பிச்சிட்டேன் பிரதர்."

"அய்யோ சிஸ்டர், வாசல் வரைக்கும் வந்த சுகத்தத் திருப்பி அனுப்பிட்டீங்களே!"

"நீங்க ஒரு ராத்திரி இங்கன வந்து உக்காருங்க. அவங்க முனங்குறதக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

"முனங்குறது அவிசுவாசம் சிஸ்டர். வந்துருவேன், இந்த வாரம் மாரியூர்ப் பக்கம் கூட்டம் இருக்கு."

வைத்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். இருநூறு பேர் ஆமென் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட ஒரு நேரம் வந்து எட்டிப் பார்த்தது கிடையாது.

சிலுவையில் நீர் கத்தினீரே, அது என்ன பிரதர் கணக்கில்? கேட்டிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் போனை வைத்த பிறகுதான் வாய் வரும்.

ராமேஸ்வரத்திலிருந்து இவர், ஜெனியின் அப்பா, பேசினார். வேலை பார்க்கிற லாட்ஜில் சீசன் கூட்டம், லீவு தரமாட்டார்களாம். "யாரோடயும் சண்ட போடாத. சாப்டியா?" என்றார். சாப்பிட்டியாவாம்.

ஆர்.எஸ்.மங்கலத்தில் வாங்க: பெரியவர்களுக்கான டயப்பர், ஜெனி சிரப், டெட்டால், பஞ்சு.


அக். 23, புதன்

காலையில் அம்மாவுக்குத் தெளிவு. மாத்திரையால்தான். உடம்பு துடைத்துவிட்டேன். முதுகுப் புண் நெல்லிக்காய் அளவுக்கு.

"ஏத்தா பிரியா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிட மாட்டியே?"

"சொல்லு."

"நான் பிழைக்கணும் பிழைக்கணும்னு ஜெபம் பண்றத விட்டுரு. நல்லபடியாப் போய்ச் சேரணும்னு கேளு."

"உனக்கு விசுவாசமே இல்லயாம்மா?"

"இருக்கப் போய்த்தான் சொல்றேன். சாகாம இருக்குறதுக்கா நான் அவர்ட்ட வந்தேன்? செத்தா அங்கன அவரு இருக்காருன்னு வந்தேன்."

துணியை வாளியில் எறிந்தேன். தண்ணீர் சுவரெல்லாம்.

"இருக்காருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"ஒங்கண்ணன் புழுதியில விதைச்சுட்டு வந்து வீட்ல படுத்துருக்கான். முளைச்சிருச்சான்னு தினம் போய்த் தோண்டியா பாக்குறான்?"

"மழை வராமக் கருகிப்போன வருசமும் இருக்கு."

"இருக்கு. விதைக்காம விட்ட வருசம் இருக்கா?"

சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. வெண்ணெய் தடவிவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உம்மை அம்மாவுக்குச் சொன்னதே நான். பரமக்குடியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது நான் முதலில் நம்பினேன், அய்யா சாகும்வரை வீட்டில் சொல்லவில்லை. அம்மா வந்தது பல வருடம் கழித்து. ஜெனி பிறந்தபோது துணைக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இப்போது அவள் விறுவிறுவென்று முன்னால் போகிறாள். வழி காட்டியவள் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்படிக் கேட்க மாட்டேன். அம்மா சொன்னாலும் சரி.


அக். 24, வியாழன்

ஜெனிக்குச் சளி. 99.8. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? கூகுளில் பார்க்காதே என்றார் இவர். பார்த்தேன். எனக்கு வந்தால் ஜெனிக்கு யார் தலை பின்னுவது? இவருக்கு ரப்பர் பேண்டு போடக்கூடத் தெரியாது.

சாயங்காலம் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, காலைச் சொறிந்துகொண்டே கேட்டான். அவன் சாமி வேறு. அம்மா மாறியதை அவன் தடுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை.

"எரிக்கவா புதைக்கவா? இப்பமே சொல்லிரு. நாளைக்கு ஊர்ல என்னயத்தான் கேப்பாங்க."

"ஏலே, ஒன் இஷ்டம். சாம்பலாப் போனாலும் அவரு என்னயக் கண்டுபிடிச்சிருவாரு."

"அப்ப எரிக்கிறேன்."

"எரி. ஒழுங்கா அடுக்கு. ஒங்கய்யாவுக்குப் பாதியில அணைஞ்ச மாதிரி விட்டுறாத."

"அன்னைக்கு வெறகு ஈரம்மா."

"ஒனக்கு எப்பவும் ஏதாச்சும் ஈரம்."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்! அடுப்படியில் நின்று மதினியும். இந்த வீட்டில் சாவைப் பற்றி என்னால் மட்டும்தான் பேச முடியவில்லை. உயிர்த்தெழுதல் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியவள் நான்.


அக். 26, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. அம்மாவுக்குள் எதுவுமே இறங்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வருகிறது. பேச்சு எப்போதாவது.

இன்று அயித்தை வந்தாள், அய்யாவின் தங்கை. அம்மா காலைத் தடவிப் பார்த்துவிட்டு: "இம்புட்டு நாள் இழுக்குதுன்னா எதுவோ ஆசை பிடிச்சு நிறுத்துதுடா. காட்டு மண்ணக் கரைச்சு ஒரு வாய் ஊத்து. நிம்மதியா அடங்கிரும்."

நிலத்தில் பாடுபட்டவர்களுக்கு உயிர் பிரியாமல் இழுத்தால் இங்கே இப்படித்தான் செய்வார்கள். அண்ணன் உடனே கிளம்பினான். பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு பேப்பரில் மண் மடித்து வந்தான். எவர்சில்வர் டம்ளரில் கரைத்தான். நான் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத அம்மா வாயில ஊத்துன, ஒன் கைய முறிச்சிருவேன்."

"நீ மாத்திரய ஒளிச்சு வச்சப்ப நான் ஒன் கைய முறிச்சேனா?"

அறைந்திருக்கலாம். அந்தச் சொல்லைவிட அறை லேசாக இருந்திருக்கும். ஜெனி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். "என்னடா அது கையில?"

"மண்ணும்மா. நம்ம மேலக்காட்டு மண்ணு."

"மண்ணு மேல எனக்கு என்னடா ஆச?" வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். "ஆச பூரா இந்தா நிக்கிறாளே, இவ மேலதான். இவளக் கரைச்சா ஊத்துவ?"

அயித்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். அண்ணன் டம்ளரை முருங்கை மரத்து அடியில் ஊற்றிவிட்டுத் திரும்பி வராமல் அங்கேயே நின்றான்.

கொல்லைப் பக்கம் போய்க் காலி குடத்தை எட்டி உதைத்தேன். பெருவிரல் வீங்கிவிட்டது. யார் மேல் கோபம் என்று இப்போது கேட்டால் ஒரு பட்டியலே தருவேன். பிரதர். அயித்தை. அண்ணன், சரியான இடத்தில் அடித்ததற்காக. லீவு தராத லாட்ஜ் முதலாளி. நீர். கடைசியில் எழுதினாலும் முதலில் நீர். உமக்கு மேலே ஒருத்தி இருக்கிறாள், அரிசி டின்னில் கைவிட்டவள்.

போய்ச் சேரத் தயாராக இருக்கிற அம்மாவை யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்பதை எல்லார் முன்னாலும் அம்மாவே சொல்லிவிட்டாள். சிரிக்க வைத்துச் சொன்னாள், எனக்கு வலிக்கக் கூடாதென்று.


அக். 27, ஞாயிறு. இரவு 1.10

ஆராதனைக்குப் போகவில்லை.

காலையிலிருந்து அம்மா கண் திறக்கவில்லை. தொண்டையில் ஒரு சத்தம். நர்ஸம்மா வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். "அவங்களுக்கு இப்ப வலி தெரியல. ஒங்களுக்குத்தான் கேக்குது" என்றார். மாத்திரையைக் கரைத்து நாக்கு அடியில் விடச் சொன்னார். இவர் கிளம்பிவிட்டார், கடைசி பஸ்ஸில் ராமநாதபுரம் வரை வந்தாயிற்று.

கட்டில் பக்கம் மூன்று தடவை போய் நின்றேன், அம்மா கேட்கச் சொன்னதைக் கேட்க. வாய் வரவில்லை. "ஆண்டவரே" என்பதோடு நிற்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

சுகம் கேட்கவில்லை. இனிக் கேட்க மாட்டேன்.

அம்மாவைக் கூட்டிக்கொள்ளும்.

நீர் செத்து எழுந்தவர் என்று நம்புகிறேன். கோபமாகத்தான் நம்புகிறேன், இன்று வேறு விதமாக வரவில்லை. எழுந்தது உண்மை என்றால் வாசலில் வந்து நீரே நிற்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. பெயர் காளியம்மாள். ஞானஸ்நானத்திலும் பெயரை மாற்றவில்லை, அவருக்குத் தெரிஞ்ச பேரு இருக்கட்டும் என்றாள். வலது காது கேட்காது, இடது பக்கம் நின்று கூப்பிடும். புது இடத்தில் கூச்சப்பட்டு ஓரமாக நிற்பாள், பசித்தாலும் கேட்க மாட்டாள். நீர்தான் கேட்க வேண்டும். நடக்க வைக்காதேயும், பாதம் வீங்கியிருக்கிறது.

நான் விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லும்.

மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. எண்ணிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லும்.