ஏழாம் பாடம் நடத்தினேன்

நவம்பர் 12

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டாய். கடிதத்தைக் கிழித்துப் போடுமுன் ஒரு தரமாவது படிப்பாய் என்ற நப்பாசைதான்.

இன்றைக்கு ஏழாம் பாடத்தை நடத்திவிட்டேனடி! இனப்பெருக்க மண்டலம்! இருபத்திரண்டு வருஷமாக "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டு எட்டாம் பாடத்துக்கு ஓடியவள் நான். "அந்தப் பாடத்துல மட்டும் எல்லாப் பிள்ளைங்களும் கோட்டை விடுதுங்களே, என்னதான் நடத்துறீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டுவிட்டார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கர்ப்பப்பை, அதன் இருபுறமும் கருக்குழாய், பக்கத்தில் பாதாம்பருப்பு போலச் சினைப்பை என்று பலகை நிறைய வரைந்தேன். வரைந்த அவசரத்தில் கர்ப்பப்பை கொஞ்சம் கோணிக்கொண்டது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு போட்டால்தான் சினைப்பையே வேலை செய்யும் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பட்டாணிக்கு இவ்ளோ அதிகாரமா டீச்சர்?" என்றாள். நான்தான் முதலில் சிரித்தேன்.

மணி அடித்த பிறகும் ஒரு பெண் மட்டும் போகவில்லை. பதினைந்து வயது. இன்னும் வயசுக்கு வரவில்லை. ஆனால் மாதாமாதம் நாலு நாள் அடிவயிற்று வலியில் சுருண்டு போகிறாளாம். "வலி மட்டும் வருது டீச்சர், வேற எதுவும் வரல." இப்போது சிறுநீர் போகவும் கஷ்டப்படுகிறாள். வெறும் சூடு என்கிறாளாம் அவள் அம்மா. நீ தினமும் ஸ்கேனில் பத்து வயிற்றைப் பார்க்கிறவள். நான் என்ன செய்யட்டும்?

உன் அக்கா


நவம்பர் 14

அக்கா,

கோபம் அப்படியே இருக்கிறது, போனில் பேசினால் சண்டைதான் வரும். அது கிடக்கட்டும். இந்தக் கூரியர் கைக்கு வந்ததும் அந்தப் பெண்ணைப் பெண் டாக்டரிடம் கூட்டிப் போ. சிறுநீர் வரை வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது.

மாதம் தவறாமல் வலிக்கிறது என்றால் அவளுடைய பட்டாணி, பாதாம்பருப்பு, கர்ப்பப்பை எல்லாமே ஒழுங்காக வேலை செய்கின்றன போலிருக்கிறது. பிறப்புறுப்பின் வாசலில்தான் அடைப்பாக இருக்கும். சிலருக்கு அந்த இடத்துச் சவ்வு பிறவியிலேயே முழுக்க மூடியிருக்கும். ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கி, சிறுநீர்ப்பையை நசுக்கும். சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும். நான் படம் எடுக்கிறவள்தான். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அவள் அம்மாவிடம் நீயே பேசு. "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. கர்ப்பப்பை இல்லாமலே நான் பிறந்திருக்கிறேன் என்று பதினேழு வயதில் தெரிந்த அன்று, பஸ்ஸில் வழி நெடுக நீ அதைத்தான் சொன்னாய். எனக்கு இல்லாததைச் சொன்னீர்கள். இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. இந்த வேலைக்கு வந்து, என் வயிற்றில் நானே கருவியை வைத்துப் பார்த்த அன்றுதான் என் இரண்டு சினைப்பைகளையும் கண்டேன். அழகாக இருந்தன அக்கா. போன வருஷம், என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவரிடம் உண்மையைச் சொன்னேன். "மானத்தை வாங்கிட்டியேடி" என்றாய். அன்றைக்கு வைத்த போன்தான்.

தங்கை


நவம்பர் 21

என் கண்ணு,

நீ சொன்னதேதான்! டாக்டரே, "யாரு இவ்ளோ சரியா சொன்னது?" என்று கேட்டார். "என் தங்கச்சி!" என்று நான் கத்தியதில் நர்ஸ் திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

முதலில் அவள் அம்மா மசியவே இல்லை. "வெளிய தெரிஞ்சா இவள யாரு கட்டுவா டீச்சர்?" என்றாள். என் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. கூசிப்போனேன். "யாரு கட்டுறாங்கறது அப்புறம்மா. அவ உடம்புல என்னன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?" என்றேன். எப்படி வந்ததோ அந்த வார்த்தை.

அரைமணி நேரம்தான் ஆபரேஷன். முக்கால் லிட்டர் பழைய ரத்தம்! மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது, "டீச்சர், பசிக்குது, ஏதாவது இருக்கா?" தாயும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

நேற்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "கர்ப்பப்பையே இல்லாம யாராச்சும் பொறப்பாங்களா டீச்சர்?" அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். வெட்கப்பட்டு இல்லையடி, அது உன் கதை, என்னுடையது இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். சொல்லலாமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கும் பயம். உன் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மன்னித்துவிடு.

அக்கா


நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஸ்கேன் அறையிலேயே படித்தேன். "ஏன் மேடம் அழுவுறீங்க, எம்புள்ளைக்கு எதாச்சும்?" என்று படுத்திருந்த அம்மாள் பதறிவிட்டாள். அவள் குழந்தை ஜம்மென்று இருக்கிறது.

வகுப்பில் நீ சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்கிறேன். என் ஸ்கேன் படத்தையும் கொண்டுவருகிறேன். கோணாத கர்ப்பப்பை ஒன்றையும் வரைந்து காட்டுகிறேன். வியாழன் காலை பஸ்.

இன்னொன்று. உண்மையைச் சொன்னதும் அவர் ஓடியிருப்பார் என்று நினைத்திருப்பாய். "சரி, இதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாம இருந்த?" என்றுதான் கேட்டார். போன மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். உனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டேன். நானும் உன் தங்கைதானே! திட்டுவதை நேரில் திட்டிக்கொள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. இரண்டு பேரைத் தேடு.

உன் வாண்டு