பொம்மைத் தோட்டத்துக்குச் சேவலோடு போன கதை

கிளியூர்,
வைகாசி 31

கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் மகன் சென்றாயனுக்கு அப்பன் அங்கப்பன் எழுதுவது. சேர்வராயன் புண்ணியத்தில் நான், உன் அம்மாள் வெள்ளையம்மாள், உன் தங்கச்சி அத்தாயி, எருமை இரண்டு, எல்லாரும் இங்கே சுகம், என் முன்பற்கள் இரண்டைத் தவிர. உன் சுகத்துக்கும் உன் முப்பத்திரண்டு பல்லின் சுகத்துக்கும் எழுது சாமி. பல் போன சங்கதியை நானே முந்திச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது கடல் தாண்டி வரும்போது வேறு கதையாக வந்து சேரும். உன் அப்பன் பல்லை உடைத்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளையின் கை. கல்லால் செய்த பெண்பிள்ளை, மேலே ஒட்டுத் துணி கிடையாது. அங்கப்பன் அவளை முத்தம் கொஞ்சப் போய்ப் பல்லை விட்டான் என்று ஏற்காட்டுச் சந்தையில் பேசிச் சிரிக்கிறார்கள். உன் அம்மாளாவது இல்லை என்பாள் என்று பார்த்தால், கேட்கிறவர்களிடமெல்லாம் "இருந்தாலும் இருக்குமுங்க, நொம்பக் கிட்டத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு" என்கிறாள்.

நடந்தது இதுதான். அத்தாயியை வாழவந்தி மாதையன் மகனுக்குப் பேசி முடித்ததை முன்பே எழுதியிருந்தேன். தாலி ஏறுவதற்கு முன்னால் முப்பாட்டன் கல்லில் சேவல் அறுத்து ரத்தம் காட்டுவது நம் வகையறா வழக்கம் என்பது உனக்குத் தெரியும். வெறுங்கத்தியோடு புலி மேல் பாய்ந்து, அதையும் கொன்று தானும் செத்த முப்பாட்டனுக்கு உருவம் செதுக்கி நட்ட கல், எண்ணெயும் மஞ்சளும் ஏறி உருவம் மூடிப்போன கல். சம்பந்தி மாதையன் கறாராகச் சொல்லிவிட்டார், "புலி குத்துன வமுசத்துப் பொண்ணுன்னுதானுங்க எடுக்கறோம், கல்லுல ரத்தம் வுழுகாம எம் பையன் தாலியக் கையில தொடமாட்டானுங்க" என்று. ஆனால் கல் நம்மிடம் இல்லை. பெரிய தோட்டத்துத் துரை சீமையிலிருந்து முப்பது பெட்டி வெள்ளைக் கல் பொம்மைகளை வரவழைத்து, அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, பங்களாவைச் சுற்றிப் புல்தரையில் காப்பிச் செடி நடுகிற மாதிரி வரிசையாக நட்டிருக்கிறார். போகிற போக்கில் நம் காட்டோரத்தில் இருந்த முப்பாட்டனையும் பார்த்து, இதுவும் நன்றாக இருக்கிறதே என்று பெயர்த்துக்கொண்டு போய் அந்த வரிசையில் நட்டுவிட்டார். மூன்று தடவை போய்க் கெஞ்சினோம். வாசல் காவல் முனியப்பன், ஆத்தூர்ப் பக்கத்து ஆள், எனக்கு வேண்டியவன்தான், அவனே "கல்லு இனிமேப்பட்டு துரையுதுங்க. மாசத்துல மொத ஞாயித்துக்கெழம சனங்களுக்குத் தோட்டத்தத் தொறந்து உடுவாங்க, வந்து கண்ணால பாத்துட்டுப் போங்க, தொடப்படாது, வெத்தல போட்டுத் துப்பப்படாது" என்று சொல்லிவிட்டான். சேவல் அறுக்கக்கூடாது என்று அவன் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

இதில் உன் பெரியப்பன் மூக்கனைச் சேர்க்காமல் முடியாது. முப்பாட்டனுக்கு இரண்டு பெண்சாதி. மூத்தவள் வழி மூக்கன். இளையவள் வழி நான், ஆனால் முதலில் பிறந்தது இளையவள் மகன். ஆகவே கல்லில் முதல் ரத்தம் யார் காட்டுவது என்று மூன்று தலைமுறையாக மண்டை உடைகிறது. அத்தாயி முகத்துக்காக இந்தத் தடவை சமாதானம் பேசினோம். ஒரே சேவல், ஒரே கத்தி, இருவர் கையும் அதே பிடியில். சேவலை உன் அம்மாள் கூடையில் வைத்து வாழை இலை போட்டு மூடிக்கொண்டாள். கத்தி மூக்கனிடம். நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதே, என் மடியில் இன்னொரு கத்தி இருந்தது.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தாயியும் சம்பந்தியும் கூடவரப் போனோம், வந்தவர்களை முதலில் படம் மாட்டிய கிடங்குக்குள் விட்டார்கள். நம் காப்பிக் கிடங்கேதான், சுவரெல்லாம் கொலை. ஒருவனைக் கம்பத்தில் கட்டி உடம்பெல்லாம் அம்பு, குதிரைக் காலடியில் குடல் சரிந்து கிடக்கிற பட்டாளத்துக்காரன், ஒருத்தி அறுத்த தலையைத் தட்டத்தில் வைத்து ஏந்திக்கொண்டு நிற்கிறாள். உன் அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவள எந்த ஊட்டுல கட்டிக் குடுத்தாங்களோ, அந்த மாமியா பாவம்" என்றாள். சம்பந்திக்கு மட்டும் அந்த அம்பு ஆளை விட்டுக் கண் எடுக்கவே முடியவில்லை. ஆள் துடிக்கக் காணோமே, நம் ஊர் ஆளாக இருந்தால் மலையே கேட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம் புல்தரை. முப்பாட்டன், குடம் தூக்கி நிற்கிற அந்த அம்மணப் பெண்ணுக்குப் பக்கத்தில் எண்ணெய் மஞ்சள் பூச்சோடு நின்றார். உச்சியில் உடைந்த மூலையைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடையைத் திறந்தோம். அந்த நேரம் பார்த்து மூக்கனின் கம்பளிக்குள்ளிருந்து கொக்கரக்கோ. தனக்கென்று தனிச் சேவல் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான். "ஏனுங்ணா, வவுறு கூவுதா?" என்றேன். "மூத்தவ வமுசத்துக்கு வவுறுங் கூவும், நெஞ்சுங் கூவும், ரெண்டாந்தாரத்து நாயிக்கு வால்தாண்டா ஆடும்" என்றான். என் கத்தி மடியிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. இரண்டு சேவலும் காலில் கத்தி கட்டாமலேயே ஒன்றையொன்று கிழிக்க ஆரம்பித்தன. நாங்களும் அவற்றுக்குச் சளைக்கவில்லை. அவன் என் குடுமியைப் பிடித்துத் தலையைக் கல்லில் மோதினான். நான் அவன் காதைக் கடித்தேன், அப்போது எனக்குப் பல் இருந்தது. காது மடலில் ஒரு துண்டு என் வாயோடு வந்துவிட்டது. அவன் கத்தி என் தோளில் இறங்கியது, என் கத்தி அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கோடு போட்டது. ரத்தம் பீறிக்கொண்டு போய்க் கல் முழுக்க அடித்தது. கத்தி நழுவியதும் மூக்கன் பிடிக்க ஒன்றுமில்லாமல் அந்தக் கல்லுப் பெண்ணின் தூக்கிய கையைப் பிடித்து முறுக்கினான், கை பொட்டென்று உடைந்து வந்தது, அதாலேயே என் வாயில் ஒரு போடு. இதுதான் அந்த முத்தம்.

துரை துப்பாக்கியோடு ஓடிவந்தார். மூக்கன் சேவல் அதற்குள் வேலி தாண்டி ஓடிவிட்டது, நம் சேவல் தப்பிப் பறந்து அந்தக் கல்லுப் பெண்ணின் தலையில் உட்கார்ந்திருந்தது, துரை அதைக் குறிவைத்துச் சுட்டார். சேவலும் போயிற்று, அவள் மூக்கும் போயிற்று. அதற்கும் சேர்த்து அடி எங்களுக்குத்தான். ஆளுக்குப் பன்னிரண்டு பிரம்படி என்று உத்தரவு. அடித்தவன் எனக்கு வேண்டிய முனியப்பன். காதோடு "துரை பாக்கறாருங்க, மன்னிச்சுக்கோங்க மாமா" என்று சொல்லிச் சொல்லித் தோல் உரிய அடித்தான். ஐந்தாவது அடிக்கு மூக்கன் அம்மா என்றான், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். எட்டாவதில் நான் என்ன கத்தினேன் என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அத்தாயி மட்டும் அழவில்லை. விறைத்து நின்று சம்பந்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவல் இல்லை, இனி தாலியும் இல்லை என்று எனக்குப் பிரம்பைவிட அவள் முகம்தான் வலித்தது. சம்பந்தி மெதுவாகக் கல்லருகே குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார். "ரெண்டு வகையறா ரத்தமும் கலந்தாப்புல வுழுந்துருக்குது, கோழி ரத்தத்தக் கேட்டா மனுச ரத்தமே குடுத்துட்டாங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்? வெள்ளிக்கெழம பொண்ணக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். நான் புல்லில் குப்புறக் கிடந்தபடியே கும்பிட்டேன்.

நேற்று முன்தினம் கலியாணம் நல்லபடி முடிந்தது சாமி. மூக்கன் கட்டுப்போட்ட கையால் பந்தி பரிமாறினான், எனக்குக் கறி மெல்ல முடியாதென்று தெரிந்தே எலும்பாகப் பார்த்து வைத்தான். அத்தாயி வாழவந்தியில் நன்றாக இருக்கிறாள், மாமியார் கொஞ்சம் வாய் நீளம், இவளும் குறைவில்லை. நீ அங்கே பனியில் வெறுந்தலையோடு திரியாதே, கங்காணியோடு சண்டை வந்தால் வாயை மூடிக்கொள், மூடுவதற்குப் பல் வேண்டும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். சேர்வராயனும் புலி குத்திய முப்பாட்டனும் உனக்குத் துணையிருந்து நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். பெரியப்பனுக்கு எழுதும்போது, கல்லில் முதலில் விழுந்தது எங்கள் அப்பன் ரத்தமாம் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதே.

இப்படிக்கு, மென்று தின்ன வழியில்லாமல் கூழ் குடித்துக்கொண்டு இருக்கும் உன் அப்பன்,
கி. அங்கப்பன்

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் முனியப்பன் வந்து என்னையும் மூக்கனையும் ரகசியமாகக் கூட்டிக்கொண்டு போனான். ரத்தக் கறை போக வேண்டுமென்று துரை கல்லை வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லியிருக்கிறார், மூன்று தலைமுறை எண்ணெயும் மஞ்சளும் உரிந்து வந்துவிட்டது. முப்பாட்டன் கத்தியோடு அழகாகத்தான் நிற்கிறார். நானும் மூக்கனும் ஒருவரையொருவர் பார்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர் குத்துவது பன்றி.