நீ வாசித்த சீனத்து வழி

நேற்று என் மகன் புதுக் கட்டில் ஒன்று வாங்கி வந்தான். துண்டு துண்டாகப் பெட்டியில் வருகிறதே, அந்த வகை. நாமே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். திருகாணிகள் தனியாக ஒரு பையில் இருந்தன. பையைக் கிழித்ததும் அந்த எண்ணெய் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, மயக்கமா?" என்றான் மகன். இல்லை என்று தலையாட்டினேன். அது உன் கையின் வாசனை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தத் திருகாணிக் கம்பெனியில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திருகாணிகளின் மரைச் சுற்று சரியா என்று பார்த்தோம். எண்பதுகளின் நடுவில், எங்கள் வீட்டு வயல் பிளாட்டுகளாகிப் போன பிறகு, நான் வேலைக்கு வந்தேன். நீ எனக்கு முன்பே அங்கே இருந்தாய். அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா இன்னாத்துக்கு? ஒரே சம்பளம்தானே, பேரச் சொல்லு" என்றாய். தினமும் திருமுல்லைவாயிலில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவோம். நீ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள், நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள். நமக்குள் அது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை.

ஒருநாள் ஆவடி மார்க்கெட்டில் பழைய புத்தகக்காரரிடம் ஒரு புத்தகம் வாங்கினாய். அட்டையும் முன்தாள்களும் போயிருந்தன. எழுதியவர் யாரென்று கடைசிவரை நமக்குத் தெரியாது. எதையும் அதன் போக்கில் விடு என்கிற சீன தேசத்துப் பழைய ஞானத்தை எளிய தமிழில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"தாவோன்னா வழியாம்டி. எங்க கோயில்லயும் வழின்றாங்க, இவுங்களும் வழின்றாங்க. எல்லாம் ஒரே ரோடோ இன்னாவோ" என்று சிரித்தாய்.

"சும்மா இருன்னு சொல்றதுக்கு ஒரு புஸ்தகமா?" என்று கேட்டேன்.

"சும்மா இருக்கிறது இல்ல. வம்பா இழுக்காம செய்றது."

எனக்கு அது விளங்கவில்லை. உன்னைப் பார்த்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. உன் மாமியார் தினமும் குழம்பில் உப்பு சரியில்லை என்று சண்டை பிடிப்பார். நீ ஒருநாள் உப்பே போடாமல் சமைத்து, உப்பு ஜாடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து உப்பு அவர் பொறுப்பு. சண்டை நின்றுபோனது. புதிதாக வந்த பெண் ஒருத்தி திருகாணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியபோது, அவள் கையைத் தொட்டு, "அது தானா ஒக்காரும்மா. ஓவரா முறுக்கினா மரை பூடும்" என்றாய். அவளுக்குச் சொன்னதை நான் என் வீட்டுக்கும் எடுத்துப் போனேன். என் கணவரிடம், பிள்ளைகளிடம் குரலை உயர்த்தப் போகும்போதெல்லாம் அது காதில் விழும்.

உனக்கும் கோபம் வராமல் இல்லை. ரயிலில் உன் காலை மிதித்துவிட்டு உன்னையே திட்டிய அம்மாளை நீ வாங்கிய வாங்கு இருக்கிறதே, பெட்டியே அடங்கிப்போனது. "எங்கடி போச்சு உன் தாவோ?" என்றேன். "இன்னிக்கி லீவுல கீது" என்றாய்.

பிறகு மார்பில் கட்டி வந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். முடி கொட்டி, முளைத்து, நீ பெஞ்சுக்குத் திரும்பி வந்த அன்று நாங்கள் கேசரி கிண்டி எடுத்து வந்தோம். அடுத்த ஆண்டே அது திரும்பி வந்தது. இந்த முறை ஈரலில். மறுபடி ஆபரேஷன் செய்து, கடுமையான மருந்து கொடுத்துப் பார்க்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வைத்த டீயைத் தொடவில்லை.

"நீ சொன்னா கேப்பாமா. அந்த புக்கப் படிச்சிட்டு, உட்டுடு உட்டுடுன்றா. எப்பிடிமா உட்றது?"

உன்னைச் சம்மதிக்க வைக்கத்தான் நான் உன் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். நீ உன் மகள் ஜெனியின் பள்ளிப் பாவாடைக்கு மடிப்பு பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாய்.

"ஜெனி எட்டாவதுதான்டி படிக்கிறா" என்று ஆரம்பித்தேன்.

ஊசியை நிறுத்தினாய். "தெரியும். அவளுக்காகத்தான் மொத தடவ போனேன். அப்போ அவ என் மூஞ்சியப் பாக்கவே பயந்தா. வாந்தி, ஊசி, ஆஸ்பத்திரி... அம்மான்னா அதுதான்னு ஆயிட்ச்சி அவளுக்கு. இப்ப கீற நாளாவது அவளாண்ட அம்மாவா இருக்கணும்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் கீது. அந்த புக்குல பயம் போறதுக்கு ஒண்ணும் எழுதல." மறுபடி ஊசியை ஓட்டினாய். "நான் சாவறேன்னு சொல்லலடி. என்ன இழுத்துகினு ஓடாதீங்கன்றேன். அவ்ளோதான்."

மடிப்பு நழுவாமல் பாவாடையின் மறு முனையை நான் பிடித்துக்கொண்டேன். வாசலில் காத்திருந்த அண்ணனிடம், "என்னால முடியலண்ணே" என்றேன்.

"நீயும் அவ கட்சியா? நாளைக்கி அவ பூட்டா, என் பொண்ணுக்கு நீ வந்து தல வாருவியா?" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் வீட்டுக்கு நடந்தேன்.

வெயில் காலம் முழுக்க அண்ணன் ஓடிக்கொண்டேதான் இருந்தார். யார் எந்த வைத்தியரைச் சொன்னாலும் போனார். பூந்தமல்லிப் பக்கம் ஒருவர், திருத்தணிப் பக்கம் ஒருவர். பொட்டலம் பொட்டலமாக வேரும் பொடியும் வந்தன. நீ மறுக்காமல் வாங்கி அலமாரியில் வைத்தாய். இடையில் ஜெனிக்கு மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தாய். அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாய், தப்பாகப் போட்டு அவளிடமே திட்டு வாங்கினாய். அப்படி ஒருநாள் மாலை நான் வந்திருந்தபோது, அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் உன் காலடியில் உட்கார்ந்து உன் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார். அவர் குனிந்திருந்தபோது நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "இன்னிக்குத்தான்டி அவரு ஊட்டுக்கு வந்தாரு."

கடைசி வாரங்களை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலி உன்னைப் புரட்டியது. நீ கத்தினாய். அந்தச் சீனத்து ஞானமெல்லாம் எதற்கு என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஃபாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொன்ன அன்று நீ கொஞ்சம் அமைதியானாய். மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், அண்ணன் ஒரு கையையும் ஜெனி மறு கையையும் பிடித்திருக்க, மூச்சு நின்றது. நான் உன் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை ரயிலுக்கு முன்பாகவே உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். வழிவிட்டு ஒதுங்கினார். நான் ஜெனியை உட்கார வைத்துத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டேன். மறுநாள் போனபோது சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் ரிப்பனும் ஸ்டூலின்மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவள் தானே பின்னிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்வரை அவை அங்கேயே இருந்தன.

ஜெனிக்கு இப்போது அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். போன கல்லறைத் திருநாளன்று உன் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடியே ஜெனி கேட்டாள்: "ஆன்ட்டி, எனக்காகவாச்சும் அம்மா இன்னொரு ஆபரேசன் பண்ணிகினு இருக்கலாம்ல?"

நீ சொன்னதெல்லாம் என் நினைவில் இருந்தது. பயந்த பிள்ளையின் முகம், அம்மாவாக இருக்கவேண்டிய நாட்கள், எல்லாம். எடுத்துச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள், தலையும் ஆட்டியிருப்பாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அத்தனை வருஷமாக எல்லாரும் அவளுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே அவளை அழவிடாமல் வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

"பண்ணிகினு இருக்கலாம்தாம்மா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று உன் அடக்கத்தில் அழாத அழுகை. நான் முதுகைத் தடவக்கூட இல்லை, அசையாமல் நின்றேன்.

உன்னை நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைக்காதே. நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்றை வெளியே தள்ளுவதில்லை.