ஒரு படி உள்ளுக்கு

மாசி 4
இடக்கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. ஒட்டவைத்து, உள்ளே ஒரு வாயுக் குமிழை விட்டிருக்கிறார்கள். குமிழ் மேலே மிதந்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக இரண்டு கிழமை நான் குப்புறக் கிடக்க வேண்டும். கணினி, போன் எதையும் பார்க்கக்கூடாது. உதயகலா அக்கா புத்தூரில் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டா. கட்டில் நுனியில் தலையைத் தொங்கவிட்டு, நிலத்தில் கிடக்கும் கொப்பியில் மற்றக் கண்ணால் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

மாசி 6
பார்வை வருமா? டொக்டர் "பாப்பம்" என்றார்.

மாசி 7
குழுத் தம்பி டிலக்ஷன் எனக்குப் போன் எடுத்தான். எங்கள் புரோகிராமர் குழுவில் தினமும் காலமை யாராவது ஒரு சின்ன நிரல்துண்டு, ஒரு குறிப்புப் போடுவோம். பெரும்பாலும் நான்தான். "வாசிக்க ஏலாட்டி என்ன அண்ணை, கேட்கலாம்தானே" என்றான்.

பின்னேரம் முதல் குரல்பதிவு. அருந்ததி. மருதனார்மடத்தில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரத்தின் கணினி வேலை முழுக்க அவர்தான். குழுவில் நாலு வருஷம். பெருவிரல் படம் போடுவாரே தவிர ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் வாசித்த துண்டு இது: தொடர்பு கிடைக்காவிட்டால் உடனே திரும்பத் தட்டாதே. ஒரு வினாடி பொறு, பிறகு இரண்டு, பிறகு நாலு.

நிரலில் வரி உள்தள்ளி வரும் இடமெல்லாம் "ஒரு படி உள்ளுக்கு" என்று சொல்லிக் குரலைத் தாழ்த்துகிறார். கேணிப்படியில் யாரோ விளக்கோடு இறங்குவதுபோல. அரைத்தூக்கத்தில் நானும் பின்னால் இறங்கினேன். கீழே தண்ணீர் இருந்தது. கண்ணுக்குள்ளும் தண்ணீர்தான் ஆடுகிறது.

மாசி 9
இன்றும் வாசித்தார். இடையிடையே சத்தம் அறுந்து அறுந்து வந்தது. லைன் வெட்டுது, வேறை இடத்திலை நிண்டு வாசியுங்கோ என்று குரலிலேயே பதில் அனுப்பினேன்.

மாசி 10
பதிவு வரவில்லை.

மாசி 12
டிலக்ஷன் சொன்னான். வெட்டினது லைன் இல்லையாம். அருந்ததிக்குத் திக்குவாயாம். பள்ளிக்கூடத்திலிருந்தே. அதாலைதானாம் ஒருநாளும் கதைக்கிறேல்லை.

என்ன வேலை பாத்தனான்! நாலு வருஷமா வாய் திறக்காத ஒரு மனுசி எனக்காக வாயைத் திறந்தவ — எட்டத் தள்ளி நில்லு எண்டு சொல்லியிருக்கிறன். நிலத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது சரிதான் எனக்கு.

மாசி 13
எடுத்தேன். அருந்ததி எடுக்கவில்லை. அக்கா இன்னொருக்கா எடுக்கச் சொன்னா. உடனே திரும்பத் தட்டாதே — அவ வாசிச்சதுதானே. பொறுத்தேன்.

மாசி 16
திரும்ப அழைத்தேன், எடுத்தா. நான் மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் சொன்னதென்று சொல்லவில்லை. அது அவவுக்குத் தெரியும். அவ சொன்னா:

"அவசரம் இல்லாட்டி... வா... வாசிக்கிறன்."

"எனக்கு என்ன அவசரம்? குப்புறக் கிடக்கிறன். எங்கையும் ஓட ஏலாது."

சிரித்தா. சிரிப்பில் திக்கல் இல்லை.

மாசி 19
இப்போது குரல்பதிவு இல்லை, நேரே போனில். சொல் நிற்கிற இடத்தில் நானும் நிற்கிறேன். அந்த இடைவெளிகளில் வெளியே வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர் கேட்கிறது, அவவின் பக்கத்தில் யாரோ பூசணிக்காய் விலை கேட்கிறார்கள்.

மாசி 20
இன்று அவவின் கேள்வி: அருந்ததி ஐந்து எழுத்து, கணினி ஏன் எட்டு என்கிறது? எழுத்தோடை ஒட்டுற விசிறி, கொம்பு, புள்ளிக்குற்று எல்லாத்தையும் அது தனித்தனியாக எண்ணுது, அதுகளைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லுங்கோ என்று கண்ணை மூடிக்கொண்டே வரிவரியாகச் சொன்னேன். அவ தட்டினா. முதல்தரமே ஓடியது. குழுவில் போட்டோம். டிலக்ஷன் தன் பேரில் க்ஷ ஒன்றா இரண்டா என்று பின்னேரம் வரை சண்டை.

பங்குனி 1
நிமிர்ந்து நடக்கிறேன். குமிழ் சுருங்குகிறது. மேலே உலகம், கீழே ஆடும் நீர்க்கோடு. குனிந்தால் தோட்டமெல்லாம் அதில் முழுகிப் போகிறது. அழகுதான்.

பங்குனி 5
கணினி பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அருந்ததிக்குச் சொல்லவில்லை.

பங்குனி 13
சொல்லிவிட்டேன், இனி நானே வாசிக்கலாம் என்று.

"தெ... தெரியும். போன கிழமை டிலக்ஷனுக்குப் பெருவிரல் போட்டனீங்களெல்லோ."

அவதான் பிறகு கேட்டா, "நாளைக்கும் வாசிக்கவோ?"

"ஓம்."

சித்திரை 22
குமிழ் கரைந்து போயிற்று. இடக்கண்ணில் நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன. கதவுநிலை, மின்கம்பம், நிரல் வரி எல்லாம். இனி இவ்வளவுதானாம். எழுத்தைப் பெரிதாக்கி வேலைக்குத் திரும்பினேன். அக்கா அழுதா. நான் அழவில்லை, ஏனென்று தெரியவில்லை.

ஐப்பசி 19
பண்டத்தரிப்பில் எங்கள் வீடு. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு முதல் மழை. நான் யன்னலடியில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருந்ததி பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டா, கொடியில் உடுப்பு நனையுது என்று சொல்லத்தான். என் பேரின் முதலெழுத்து "கோ"விலேயே நின்றுவிட்டா. விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழும்பவில்லை. பேர் முழுதாக வந்து சேரும்வரை இருந்தேன். பிறகு போய் எடுத்தேன். எல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது.