டாக்டரிடம் நலம் என்று சொல்லாதீர்கள்

ரெண்டானியின் அப்பாவுக்கு,

சோளக்களியும் மொபானிப் புழு வறுவலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். என் தம்பி முலாலோ வண்டியோடு வருவான். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மூன்று மாதம் தாண்டினால் செல்லாதாம். சுரங்கத்தில் நொறுங்கிய முதுகெலும்பு அதற்குள் ஒட்டியிருக்கும் என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு அவ்வளவு நம்பிக்கை!

டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார். போன தடவை ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்று, கைகூப்பி, "நல்லா இருக்கேன் ஐயா, உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தீர்கள். அவர் வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தான். "நோயாளி நலம்" என்று அவர் எழுதியதில் நமக்குத்தான் பணம் நின்றுபோனது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் மரியாதை தெரியாதவராக இருங்கள். வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

"என்னைப் பிச்சைக்காரனா நடிக்கச் சொல்றியா?" என்று நேற்று கத்தினீர்கள். நடிப்பதை நிறுத்தத்தான் சொல்கிறேன்.

தகலானி

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தேநீர்க் கோப்பையை இப்போதெல்லாம் ஏன் இரண்டு கையாலும் பிடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் மறைக்கிற அந்த நடுக்கத்தை டாக்டரிடமாவது காட்டுங்கள்.