மேல்வீட்டுக்காரி குரலில் ஒரு பேய்

“என் புருஷனை நான் திட்டினா, அதை எடுத்துப் பேய்க்கு வெப்பியா?” என்று மேல்வீட்டுக்காரி நம் வாசலில் நின்று கத்த, “கத்துனது நீங்க ஆன்ட்டி, நான் போன்ல பிடிச்சேன், அவ்வளவுதான்” என்று நம் மகளும் கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது.

என்னங்க, நீங்கள் வேலைக்குப் போன பிறகு நடந்தது இது. நம் மகள் தானாகவே கற்றுக்கொண்டு செய்த வீடியோ கேமில் பேய்க்கு மேல்வீட்டுக்காரி குரல்தான். பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. விளையாடிப் பார்க்கச் சொல்லி இவள் அதை மேல்வீட்டுக்காரியின் புருஷனுக்கே அனுப்பியிருக்கிறாள். மனுஷர் குளியலறையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து விளையாடியதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மானம் போகிறதே என்று நானும் “அழிச்சுத் தொலையேன்டி” என்றேன். கம்ப்யூட்டரில் இருந்ததை மொத்தமாக அழித்துவிட்டு, “திருப்தியாம்மா?” என்றாள். நாளை அதைக் காட்டித்தான் கேம் கம்பெனியில் வேலை கேட்கப் போவதாக இருந்தாள். அழவும் இல்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு மாலை ஷிப்ட். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. அவள் கதவைத் தட்டி ஒரு தட்டு கொடுங்கள். “இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்ற உங்கள் பாட்டு இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன், தாளைத் திருப்பிப் படியுங்கள்: மேல்வீட்டு அண்ணன், அதான் அவள் புருஷன், பெட்டியோடு தன் தங்கை வீட்டுக்கே குடிபோய்விட்டார். கேம் மிச்சமிருப்பது அவர் போனில் மட்டும்தான். நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. பெண் குரல் என்றாலே பயம் போலிருக்கிறது. நீங்கள் கூப்பிடுங்கள்.